பிள்ளை பெற்றவள் படுக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறாளா? உஷார்!

உங்கள் வீட்டில் இப்போது ஒரு பச்சைக்குழந்தை இருக்கிறதா? அல்லது இன்னும் சில வாரங்களில் வரப்போகிறதா? அப்படியென்றால் இதைத் தள்ளிப்போடாமல் இப்போதே படியுங்கள். படித்ததை அம்மாவுக்கும் மாமியாருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். பிரசவமான பெண்ணுக்கு ராத்திரி துணையாகப் படுத்திருப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். முதலில் கவனிக்கப்போவதும் அவர்கள்தான்.

குழந்தை பெற்ற பெண், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்கிறாள். தலையணை மேல் தலையணை அடுக்கிச் சாய்ந்தால்தான் கண் மூட முடிகிறது. நடுராத்திரியில் திடுக்கிட்டு எழுந்து, ஜன்னலைத் திறக்கச் சொல்கிறாள். காய்ச்சல் இல்லை, சளியும் இல்லை, ஆனால் படுத்தவுடன் இருமல் வருகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் ‘பிரசவ அசதி’ என்று விட்டுவிடாதீர்கள். ‘விடியட்டும், பார்க்கலாம்’ என்றும் இருக்காதீர்கள். அவளுடைய இதயம் தளர்ந்துகொண்டிருக்கலாம்.

இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு இதயம் செயலிழக்குமா என்று கேட்பீர்கள். செயலிழக்கும். அதுவரை ஒரு நாளும் நெஞ்சு வலித்திராத, சர்க்கரையோ கொலஸ்ட்ராலோ இல்லாத, வீட்டு வேலையும் வெளி வேலையும் சுறுசுறுப்பாகப் பார்த்துவந்த பெண்ணுக்கும் இது வரும். மருத்துவர்கள் இதைப் பெரிபார்ட்டம் கார்டியோமயோபதி என்கிறார்கள். பேறுகாலத்தை ஒட்டி வரும் இதயத்தசை நோய் இது. கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து பிரசவத்துக்குப் பின் ஐந்து மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டலாம். ஆனால் பெரும்பாலானவர்களிடம் வெளிப்படுவது குழந்தை பிறந்த முதல் மாதத்தில்தான். அதாவது மருத்துவமனையிலிருந்து ஆரத்தி எடுத்து வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு.

அங்கேதான் ஆபத்து. அதுவரை மாதாமாதம் எடை பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, ஸ்கேன் எடுத்து அந்தப் பெண்ணைச் சுற்றியே இருந்த கண்கள் எல்லாம், குழந்தை அழுத அந்த நிமிடத்தில் குழந்தையின் பக்கம் திரும்பிவிடுகின்றன. கிராம சுகாதாரச் செவிலியர் வீடு தேடி வருகிறார். குழந்தையின் எடை ஏறியதா, தொப்புள் காய்ந்ததா, தடுப்பூசி எப்போது என்று பார்க்கிறார். சொந்தபந்தங்கள் வருகிறார்கள், பிள்ளை யார் ஜாடை என்று பேசுகிறார்கள். தாயிடம் கேட்கப்படும் ஒரே கேள்வி, பால் நன்றாக வருகிறதா என்பதுதான். ராத்திரி படுத்துத் தூங்க முடிகிறதா என்று யாரும் கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை. குழந்தை அழுததால்தானே விழித்தோம், அதனால்தானே களைப்பு என்று அவளே நினைத்துக்கொள்கிறாள்.

இந்த நோயின் மிகப் பெரிய தந்திரமே அதுதான். இது கர்ப்பத்தின், பிரசவத்தின் சாதாரணத் தொந்தரவுகளைப் போலவே வேடம் போட்டுக்கொண்டு வருகிறது. கால் வீக்கமா, யாருக்கு இல்லை? மாடி ஏறினால் மூச்சிரைப்பா, வயிற்றில் பிள்ளையைச் சுமந்தவளுக்கு இரைக்கத்தானே செய்யும்? அசதியா, ராத்திரியெல்லாம் கண் விழிப்பவளுக்கு அசதி இல்லாமல் இருக்குமா? ‘எனக்கும் உன்னைப் பெத்தப்ப இப்படித்தான் கால் வீங்குச்சு, தானா வத்திடுச்சு’ என்று அம்மா சொல்கிறாள். அவள் சொல்வது பொய்யில்லை. பெரும்பாலானவர்களுக்கு அது தானாகத்தான் வற்றும். வற்றாத அந்த ஒருத்தியை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் கேள்வி.

வித்தியாசம் இருக்கிறது, கவனித்தால் தெரியும். கர்ப்பத்தில் வரும் சாதாரணக் கால் வீக்கம், பிரசவமான சில நாட்களில் குறைய ஆரம்பிக்க வேண்டும். குறையாமல் ஏறுகிறது, கணுக்காலைத் தாண்டி முழங்கால் பக்கம் வருகிறது, முன்னங்கால் எலும்பின் மேல் விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது என்றால் அது சாதாரணம் இல்லை. பிள்ளை பெற்றவளுக்கு எடை இறங்கத்தான் வேண்டும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால், அது லேகியத்தின் சத்து உடம்பில் ஒட்டியது என்று மகிழ வேண்டிய விஷயம் இல்லை. உடம்பில் நீர் கோக்கிறது. மாடி ஏறினால் மூச்சிரைத்து, உட்கார்ந்தால் அடங்குவது ஒன்று. சும்மா உட்கார்ந்து பால் கொடுக்கும்போதே மூச்சிரைப்பது முற்றிலும் வேறு. எல்லாவற்றையும் விடப் பெரிய அடையாளம், படுத்தால் மூச்சு முட்டுவது. சாதாரண அசதியில் இருப்பவள் எங்கே படுக்கையைக் கண்டாலும் சாய்ந்துவிடுவாள். இதயம் தளர்ந்தவளுக்குப் படுக்கைதான் எதிரி.

ஏன் இப்படி ஆகிறது? கர்ப்ப காலத்தில் பெண்ணின் உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு ஏறத்தாழ பாதிப் பங்கு கூடிவிடுகிறது. அத்தனையையும் இதயம்தான் தள்ளியாக வேண்டும். பிரசவம் முடிந்ததும் சுமை குறைந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். முதல் சில நாட்களில் நடப்பது நேர்மாறு. கர்ப்பப்பை சுருங்கும்போது அதில் தேங்கியிருந்த ரத்தம் பொதுச் சுற்றுக்குள் திரும்பி வருகிறது. திசுக்களில் தங்கியிருந்த நீரும் ரத்தத்துக்குள் இறங்குகிறது. நல்ல இதயம் இதைத் தாங்கிக்கொள்கிறது. தசை பலவீனப்பட்ட இதயம், வந்த ரத்தத்தை முன்னால் தள்ள முடியாமல் திணறுகிறது. வடிகால் அடைத்தால் மழைநீர் தெருவில் ஏறுவதுபோல, தள்ளப்படாத ரத்தம் பின்னால் நுரையீரலில் தேங்குகிறது. படுக்கும்போது காலில் இருந்த நீரும் மேலே வந்து சேர்கிறது. அதனால்தான் படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை.

தசை ஏன் பலவீனப்படுகிறது என்பதற்கான பதில் மெல்ல மெல்லத் துலங்கி வருகிறது. பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின், சில பெண்களின் உடம்பில் துண்டாக வெட்டப்பட்டு, அந்தத் துண்டு இதயத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சேதப்படுத்துகிறது என்று ஜெர்மனியில் ஹானோவர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் டெனிஸ் ஹில்ஃபிக்கர் கிளைனர் குழுவினர் 2007-இல் காட்டினார்கள். கர்ப்பத்தின் கடைசிக் கட்டத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து வரும் சில பொருட்களும் ரத்தக் குழாய்களைப் பாதிக்கின்றன என்று 2012-இல் வேறொரு குழு கண்டது. பேறுகால ரத்தக்கொதிப்பு வந்த பெண்களை இந்த நோய் அதிகம் தாக்குவதற்கு அது ஒரு விளக்கம். 2016-இல் வெளியான மரபணு ஆய்வு, இந்த நோய் வந்த பெண்களில் ஏறத்தாழ 15 சதவீதம் பேரிடம் இதயத்தசைப் புரதங்களுக்கான மரபணுக்களில் குறை இருப்பதைக் கண்டது. ஆகவே குடும்பத்தில் யாராவது இளவயதில் ‘ஹார்ட் வீங்கி’ இறந்திருந்தால், தாயோ சித்தியோ பிரசவத்துக்குப் பிறகு ‘மூச்சு வாங்கிப் போய்’ சேர்ந்திருந்தால், அந்தக் கதையைக் கர்ப்பகாலப் பரிசோதனையின்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள். நம் வீடுகளில் அந்த மாதிரிச் சாவுகளை ஜன்னி என்றோ காத்துக்கருப்பு என்றோ சொல்லி மூடிவைத்திருப்பார்கள். கிளறிக் கேளுங்கள்.

இரட்டைக் குழந்தை, முப்பது வயதுக்கு மேல் கர்ப்பம், பல பிரசவங்கள், பேறுகால ரத்தக்கொதிப்பு, கடுமையான ரத்தசோகை: இவை இருந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். ஆனால் இதில் எதுவும் இல்லாத தலைப்பிரசவக்காரியையும் இந்த நோய் விட்டுவைப்பதில்லை. ‘எனக்கு அப்படி ஒன்றும் இல்லையே’ என்ற தைரியம் வேண்டாம்.

எவ்வளவு பேருக்கு வருகிறது என்பது ஊருக்கு ஊர் வெகுவாக மாறுகிறது. அமெரிக்காவில் சில ஆயிரம் பிரசவங்களுக்கு ஒன்று. ஹெய்ட்டியில் ஏறத்தாழ 300-க்கு ஒன்று. நைஜீரியாவின் வடபகுதியில் நூற்றுக்கு ஒன்று என்று சொல்லுமளவுக்கு அதிகம். அந்த நைஜீரியக் கதை நம் வீடுகளுக்கும் கொஞ்சம் நெருக்கமானது. ஸாரியா, கானோ பகுதிகளின் ஹௌசா இனப் பெண்கள் பிள்ளை பெற்றதும் 40 நாள் காப்பில் இருக்கிறார்கள். தினமும் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளிப்பு, கீழே நெருப்பு மூட்டிய மண்திண்டில் படுக்கை, பால் ஊற ஏரி உப்பு கலந்த கஞ்சி. அங்கே இந்த நோய் ஏன் இத்தனை அதிகம் என்று தேடிய மருத்துவர்களின் கண் முதலில் அந்த உப்பின் மீதும் சூட்டின் மீதும்தான் விழுந்தது. பின்னாளில் கானோவில் நடந்த ஆய்வு அந்த வழக்கங்கள்தான் காரணம் என்று உறுதி செய்யவில்லை. ரத்தத்தில் செலினியம் என்ற தாதுச்சத்து குறைவாக இருப்பதையே சுட்டியது. நோயைத் தோற்றுவிக்கிறதோ இல்லையோ, ஏற்கெனவே தளர்ந்த இதயத்துக்கு உப்பு நல்லதில்லை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. உப்பு உடம்பில் நீரைப் பிடித்து வைக்கும்.

நம் பத்தியத்தை நான் குறை சொல்லவில்லை. பூண்டுக் குழம்பும் பால் சுறாப் புட்டும் போடும் கைகளில் இருக்கும் அக்கறை பெரிது. ஆனால் பால் ஊறட்டும் என்று கருவாட்டுக் குழம்பும், வாய்க்கு ருசி வேண்டும் என்று ஊறுகாயும் அப்பளமும் சேரும்போது, கால் வீங்கி மூச்சு வாங்கும் பெண்ணுக்கு அது நெருப்பில் எண்ணெய். வீக்கமும் மூச்சிரைப்பும் இருக்கிறது என்றால் அந்த நொடியிலிருந்து உப்பைக் குறைத்துவிடுங்கள். பிறகு மருத்துவரிடம் கிளம்புங்கள். உப்பைக் குறைத்துவிட்டோமே, பார்க்கலாம் என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எனக்கு இதில்தான் பயம் அதிகம். நம் ஊரில் களைப்பு என்றாலே குளுக்கோஸ் பாட்டில். ‘ரொம்ப சோர்ந்து கிடக்கா டாக்டர், ஒரு டிரிப்ஸ் போட்டு விடுங்க’ என்று நாமே கேட்கிறோம். தெருமுனை கிளினிக்கில் போட்டும் விடுகிறார்கள். நீர்ச்சத்து குறைந்த உடம்புக்கு அது மருந்து. நுரையீரலில் ஏற்கெனவே நீர் கோத்துத் திணறும் பெண்ணின் நரம்பில் அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று திரவம் ஏறினால், அவள் அந்தக் கட்டிலிலேயே மூழ்கிப்போகலாம். பிரசவமாகிச் சில வாரங்கள், சில மாதங்களுக்குள் மூச்சிரைப்போடு இருக்கும் எந்தப் பெண்ணுக்கும், இதயத்தைப் பரிசோதிக்காமல் டிரிப்ஸ் போடச் சொல்லிக் கேட்காதீர்கள். போட வந்தால், ‘மூச்சு வாங்குதே, ஹார்ட் பாத்துட்டுப் போடலாமா?’ என்று கேளுங்கள். இப்படிக் கேட்பது மரியாதைக்குறைவு ஆகாது.

மருத்துவமனைக்குப் போனாலும் இந்த நோய் பல சமயம் வேறு பெயரில்தான் திரும்பி வருகிறது. வீஸிங் சத்தம் கேட்பதால் ஆஸ்துமா என்று ஆவி பிடிக்க வைக்கிறார்கள். இருமல் இருப்பதால் நிமோனியா என்று ஆன்டிபயாடிக் தருகிறார்கள். ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை. எதுவும் இல்லை என்றால் பயம், படபடப்பு, மனசு சரியில்லை. இளம்பெண் சொல்லும் நெஞ்சுப் படபடப்பை மனசின் கணக்கில் எழுதிவிடுவது உலகம் முழுக்க நடக்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பேறுகாலத்தில் இறந்த பெண்களின் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். 2002 முதல் 2006 வரையிலான மரணங்களில் நான்கில் ஒன்று இதயநோயால் நேர்ந்திருந்தது. அப்படி இறந்த பெண்களில் தனக்கு இதயநோய் உண்டு என்று கர்ப்பத்துக்கு முன்பே தெரிந்தவர்கள் மிகச் சிலர்.

அந்த ஆய்விலிருந்து கலிஃபோர்னியா மருத்துவர்கள் ஓர் எச்சரிக்கைப் பட்டியலை உருவாக்கினார்கள். பேறுகாலப் பெண்ணுக்கு ஓய்வில் இருக்கும்போதே நாடித்துடிப்பு 120 அல்லது அதற்கு மேல், மூச்சு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல், ஆக்ஸிஜன் அளவு 94 அல்லது அதற்குக் கீழ், மேல் ரத்த அழுத்தம் 160 அல்லது அதற்கு மேல். இவற்றில் ஒன்றோ, ஓய்விலேயே மூச்சிரைப்போ, நான்கு தலையணை அடுக்கினால்தான் படுக்க முடியும் என்ற நிலையோ இருந்தால் அது சிவப்புக் கொடி. உடனடியாக இதயப் பரிசோதனை வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் மீட்டர் எத்தனையோ வீடுகளில் அலமாரியில் தூங்குகிறது. எடுத்துப் புது பேட்டரி போட்டு வையுங்கள். அது ஆக்ஸிஜனையும் காட்டும், நாடித்துடிப்பையும் காட்டும். மூச்சை எண்ணக் கருவியே வேண்டாம். அவள் அறியாமல் ஒரு நிமிடம் மார்பு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். ஆனால் ஒன்று. எண்கள் நன்றாக இருக்கின்றன, அவளுக்கு மட்டும் படுத்தால் முட்டுகிறது என்றால், எண்ணை நம்ப வேண்டாம், அவளை நம்புங்கள்.

நம் மாநிலத்துக்கு இது அந்நிய விவகாரம் இல்லை. தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. 2018–20 கணக்கில் ஒரு லட்சம் பிரசவத்துக்குத் தாய்மரணம் நாடு முழுவதும் 97 என்றால், இங்கே 54. பெருமைப்பட வேண்டிய எண்தான். ரத்தப்போக்கையும் கிருமித்தொற்றையும் கட்டுப்படுத்தக் கட்டுப்படுத்த, மிச்சமிருக்கும் மரணங்களில் இதயத்தின் பங்கு மேலே வந்து நிற்கிறது. சென்னையில் 2016 ஜூலை முதல் 2019 இறுதி வரை, இதயநோயோடு கர்ப்பம் தரித்த ஆயிரத்துச் சொச்சம் பெண்களை மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்துப் பதிவு செய்தார்கள். அதில் 60 சதவீதம் பேருக்குத் தமக்கு இதயநோய் இருக்கிறது என்பதே கர்ப்பத்தின்போதுதான் முதன்முதலாகத் தெரிந்தது. அவர்களில் அதிகம் பேருக்கு இருந்தது சிறுவயது ருமாட்டிக் காய்ச்சலால் கெட்ட வால்வு; நான் இங்கே எழுதும் தசை நோய் அதிலிருந்து வேறு. ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த வித்தியாசம் தேவையில்லை. இரண்டும் ஒரே அடையாளத்தோடுதான் கதவைத் தட்டும். இரண்டையும் ஒரே எக்கோ (இதய ஸ்கேன்) காட்டிக்கொடுக்கும். நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்தாலும் திடீரென மூச்சு முட்டும். அதுவும் உயிர்போகிற அவசரம். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தால் அந்தச் சந்தேகமும் வர வேண்டும்.

இன்னொரு கசப்பான உண்மை. தாய்மரணம் என்று கணக்கில் ஏறுவது பிரசவமாகி 42 நாட்களுக்குள் நேரும் மரணம்தான். செவிலியரின் வீட்டு வருகைகளும் ஏறக்குறைய அத்தோடு நின்றுவிடும். இந்த நோயோ ஐந்தாம் மாதம் வரை காத்திருந்து வரக்கூடியது. மூன்றாம் மாதம் மூச்சிரைப்போடு கேஷுவாலிட்டிக்கு வரும் பெண்ணை யாரும் பிரசவத்தோடு சேர்த்து யோசிப்பதில்லை. வேலைக்குத் திரும்பியிருப்பாள், குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்திருப்பாள். ஆகவே நீங்கள்தான் சொல்ல வேண்டும். டாக்டர் கேட்காவிட்டாலும் முதல் வாக்கியமே இதுவாக இருக்கட்டும்: ‘இவளுக்குக் குழந்தை பிறந்து இத்தனை நாள் ஆச்சு. படுத்தா மூச்சு முட்டுது. பிரசவத்துக்கு அப்புறம் வர்ற ஹார்ட் பிரச்சனையா இருக்குமா, எக்கோ பாக்கணுமா?’ எண்பது கிலோமீட்டர் தள்ளிப் பெரிய ஊருக்குப் போனாலும் இதே வாக்கியம்தான்.

எக்கோ என்பது வயிற்றில் எடுக்கும் ஸ்கேனைப் போன்றதே. கதிர்வீச்சு கிடையாது, கர்ப்பிணிக்கும் பாலூட்டுகிறவளுக்கும் ஆபத்து இல்லை. அதில் ‘பம்பிங்’ எத்தனை சதவீதம் என்று வரும். 55-க்கு மேல் இருப்பது நல்ல இதயம். வேறு காரணம் ஏதுமின்றி, பேறுகாலத்தில் 45-க்குக் கீழே போனால் இந்த நோய் என்று மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள். எக்கோ வசதி உடனே கிடைக்காத இடத்தில் பி.என்.பி. என்ற ரத்தப் பரிசோதனை உதவும். சாதாரணக் கர்ப்பத்தில் அது பெரிதாக ஏறுவதில்லை, ஏறியிருந்தால் இதயம் திணறுகிறது என்று பொருள். ஈ.சி.ஜி. மட்டும் எடுத்து நார்மல் என்று அனுப்பினால் திருப்தியடைந்துவிட வேண்டாம்.

கொண்டுபோகும் வழியையும் யோசியுங்கள். மூச்சு முட்டும் பெண்ணை டூவீலரில் நடுவில் உட்கார வைத்து, குழந்தையையும் மடியில் கொடுத்து அழைத்துப் போகாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், ஆக்ஸிஜன் அதில் இருக்கும். வண்டி வரும்வரை படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, முதுகுக்கு முட்டுக் கொடுத்து, கால்களைத் தொங்கவிடுங்கள். சோர்ந்திருக்கிறாளே என்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் கொடுக்க வேண்டாம். சீமாங் என்ற அவசர மகப்பேறு சிகிச்சை மையம் உள்ள அரசு மருத்துவமனையோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ எட்டும் தூரத்தில் இருந்தால் நேராக அங்கே போங்கள். மகப்பேறு மருத்துவரும் இதய மருத்துவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பது இந்த நோயில் பாதி வெற்றி.

இத்தனையும் சொல்லிப் பயமுறுத்துவது எதற்கென்றால், நேரத்தில் பிடித்தால் இந்த நோய் பெரும்பாலும் திரும்பிப்போகும். மற்ற பல இதயத்தசை நோய்களில் அரிதாகவே காணும் அதிசயம் இது. கீழே விழுந்த இதயம் பழைய பலத்துக்கே எழுந்து நிற்கும். வட அமெரிக்காவில் நூறு பெண்களைப் பிரசவத்திலிருந்து ஓராண்டு பின்தொடர்ந்த ஆய்வில், 72 சதவீதம் பேருக்குப் பம்பிங் 50-ஐத் தாண்டியது. ஆனால் ஆரம்பத்திலேயே 30-க்குக் கீழே போயிருந்தவர்களில் தேறியவர்கள் 37 சதவீதம் மட்டும். 30-உம் அதற்கு மேலும் இருந்தவர்களில் 86 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். எந்த நிலையில் பிடிபடுகிறது என்பது அத்தனை பெரிய விஷயம். உலகின் பல நாடுகளிலிருந்து 739 பெண்களைச் சேர்த்த பதிவேட்டில் ஆறு மாதத்துக்குள் 6 சதவீதம் பேர் இறந்துபோனார்கள். பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கே அதற்குள் இதயம் தேறியிருந்தது. நூற்றில் ஆறு கைக்குழந்தைகள் தாயில்லாமல் போவது சின்னக் கணக்கா?

சிகிச்சை இருக்கிறது, அதில் பெரும்பகுதி விலை குறைந்த மாத்திரைகள்தான். தேங்கிய நீரை வெளியேற்றும் நீர் மாத்திரை, இதயத்தின் பாரத்தைக் குறைக்கும் மாத்திரைகள், பம்பிங் மிகக் குறைந்தவர்களுக்கு இதயத்துக்குள் ரத்தம் உறையாமல் இருக்க ஊசி. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது கொடுக்கக்கூடாத மருந்துகள் சில உண்டு. அதனால் கர்ப்பிணி என்றால் பழைய சீட்டை வைத்துக் கடையில் வாங்கித் தின்னக் கூடாது. புரோலாக்டினைத் தடுக்கும் புரோமோகிரிப்டின் மாத்திரையைச் சில மருத்துவர்கள் சேர்க்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் காரன் ஸ்லிவா 2010-இல் வெளியிட்ட சிறிய ஆய்வு நல்ல பலனைக் காட்டியது. அதைச் சாப்பிட்டால் தாய்ப்பால் நின்றுவிடும். அப்போது வீட்டில் பெரிய ரகளை நடக்கும்: ‘பச்சைப்பிள்ளைக்குப் பாலை நிறுத்தச் சொல்றாரே, இவர் என்ன டாக்டர்?’ தயவுசெய்து அந்தப் பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். பாலை நிறுத்த வேண்டுமா, கொடுத்துக்கொண்டே சிகிச்சை எடுக்கலாமா என்பதை அவளுடைய நிலையைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். பாலூட்டும்போது எடுக்கக்கூடிய இதய மருந்துகளும் உண்டு. பால் பவுடரில் பிள்ளை வளர்ந்துவிடும். தாய்க்கு மாற்று கடையில் கிடையாது.

மாத்திரையைப் பாதியில் நிறுத்துவது அடுத்த கண்ணி. நீர் வடிந்து, வீக்கம் வற்றி, மூச்சு சீரானதும் ‘நல்லாயிட்டேன்’ என்று தோன்றும். உடம்பு தேறியது வேறு, இதயம் தேறியது வேறு. எக்கோவில் பம்பிங் முழுதாக மீண்ட பிறகும் குறைந்தது ஓராண்டு மருந்தைத் தொடர்வதுதான் முறை. குறைப்பதா நிறுத்துவதா என்பதை எக்கோவைப் பார்த்து மருத்துவரே சொல்ல வேண்டும். ஊர்மாற்றம், பணமுடை, கொழுந்தன் கல்யாணம் எதுவும் அதற்குக் காரணமாகக்கூடாது. அரசு மருத்துவமனையில் இந்த மாத்திரைகளில் பெரும்பாலானவை இலவசமாகவே கிடைக்கின்றன.

கடைசியாக, அடுத்த பிள்ளை. முதல் குழந்தை பெண்ணாகப் பிறந்துவிட்டால் எந்த அளவுக்கு நெருக்குதல் வரும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். இந்த நோய் வந்து பிழைத்தவர்கள் மறுபடி கர்ப்பமானபோது என்ன ஆனது என்று அமெரிக்காவில் 44 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2001-இல் வெளியானது. இதயம் முழுதாகத் தேறியிருந்தவர்களிலேயே ஐந்தில் ஒருவருக்கு மறுபடி மூச்சிரைப்பும் வீக்கமும் வந்தன. அவர்களில் யாரும் இறக்கவில்லை. தேறாத இதயத்தோடு கர்ப்பமானவர்களில் 19 சதவீதம் பேர் இறந்தார்கள். பம்பிங் மீளாத பெண்ணிடம் ‘ஒரு பையன் பொறந்துட்டா போதும்’ என்று கேட்பது, அவள் உயிரைக் கேட்பது. கணவர்கள் இதைத் தங்கள் பெற்றோரிடம் தாங்களே சொல்ல வேண்டும். அவளைச் சொல்ல விட்டுவிட்டுப் பின்னால் நிற்கக் கூடாது. கருத்தடைக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை வேண்டாம், அது ரத்தம் உறைவதைத் தூண்டும். காப்பர் டி பொருத்திக்கொள்ளலாம். இனிப் பிள்ளை வேண்டாம் என்று தீர்மானித்தால் கணவர் செய்துகொள்ளும் வாசக்டமி பெண்ணின் ஆபரேஷனை விட எளிது, அவள் இதயத்துக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

முழுதாகத் தேறிய பெண் இன்னொரு பிள்ளை வேண்டும் என்று விரும்பினால், கருத்தரிப்பதற்கு முன்பே இதய மருத்துவரைப் பார்த்துப் புது எக்கோ எடுக்க வேண்டும். முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரியையும் எல்லா எக்கோ ரிப்போர்ட்டுகளையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் போட்டு வைத்திருங்கள். தாய்வீட்டுக்குப் போகும்போது அந்தக் கோப்பும் பையில் போகட்டும். கர்ப்பப் பதிவின்போது செவிலியரிடம் இதைச் சொல்லி, மகப்பேறு அட்டையின் முதல் பக்கத்திலேயே எழுத வையுங்கள்.